பாடியவர்: ஈசாக், அமரவிளை

தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து ஈசாக்குக்குக் குரல் போன பிறகு, அவர் எப்போதோ பாடிய கீர்த்தனை ஒன்றுதான் மிஞ்சியது. அது பாறசாலை மின்நூலகத்தில் இருந்தது. அவர் மனைவி புஷ்பபாய் அதைப் போனில் அடிக்கடி கேட்பாள். ஒருநாள் பாட்டுக்குக் கீழே இருந்ததைப் படித்துவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கே வந்துவிட்டாள்.

“மக்கா ஷிஜா, இவரு செத்துப் பல வருசம் ஆச்சாம். அப்போ நான் ஆருக்குச் சோறு போடுறேன்?”

ஈசாக் சத்தமில்லாமல் சிரித்தார்.

ஷிஜாவுக்கு அங்கே பதிவுகளைப் பார்க்கும் வேலை. பாடியவர், ஊர், ஆண்டு போன்ற மீத்தரவுகளை அந்த நூலகமும் வேறொரு காப்பகமும் பகிர்ந்துகொள்கின்றன. அமரவிளையில் இதே கீர்த்தனையைப் பாடிய இன்னொரு ஈசாக் இருந்திருக்கிறார். கணினி இருவரையும் ஒருவராக்கி, அவருடைய சாவை இவருக்குக் கொடுத்துவிட்டது. காப்பகத்தாரிடம் போனில் கேட்டாள். இது இவர் குரல்தான் என்பதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும் என்றார்கள்.

“அதுக்கென்ன, இவரு இப்பவே பாடி…” என்று தொடங்கிய புஷ்பபாய் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஈசாக் அவள் முதுகை மெல்லத் தடவிக்கொடுத்தார்.

“மூணாவது சரணம் போடு மக்கா,” என்றாள் பிறகு. “அதுல இவருக்கு எப்பவும் மறந்து போவும்.”

ஷிஜா ஒலியைக் கூட்டினாள். சரணத்தின் தொடக்கத்தில் பாட்டு ஒரு மூச்சளவு நின்றது. அந்த மௌனத்தில் ஒரு பெண்குரல் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தது. பாட்டு அதைப் பிடித்துக்கொண்டு மேலே போயிற்று.

“நானாக்கும்,” என்றாள் புஷ்பபாய், குற்றம் செய்தவள்போல.

அந்தச் சொல்லை அவளை மறுபடி சொல்லச் சொல்லிப் பதிந்து, இரண்டையும் சேர்த்து அனுப்பினாள் ஷிஜா. காப்பகத்தார் கேட்டுவிட்டு, இரண்டும் ஒரே பெண்குரல் என்று ஒத்துக்கொண்டார்கள். திருத்தத்தைச் சேமிக்கப் போனவளை ஈசாக் கைகாட்டி நிறுத்தினார். திரையில் தன் பெயருக்குப் பக்கத்தில் விரலை வைத்து, மனைவியைக் காட்டினார்.

“ஒரு சொல்லு சொன்னதுக்கு எனக்க பேரா? வட்டு பிடிச்சிருக்கு இவருக்கு, முழுக் கிறுக்கு.”

அவர் விரலை எடுக்கவில்லை.

‘உடன் குரல்: புஷ்பபாய்’ என்று ஷிஜா எழுதினாள். கொஞ்ச நேரத்தில் காப்பகத்தின் பக்கத்திலும் இரண்டு பெயர்களும் சேர்ந்தே வந்தன. புஷ்பபாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையருகே குனிந்து படித்தாள்.

“செரி. இனிச் சாவு எழுதினா ரெண்டு பேருக்கும் சேத்து எழுதட்டு.”

ஈசாக் அதற்கும் தலையாட்டினார்.