பன்னிரண்டு எழுதிய டப்பா

அடக்கம் முடிந்து வந்தவர்களுக்குத் தேநீர் கலக்க நுழைந்த மூத்த நாத்தனார், சமையலறை அலமாரியைத் திறந்ததும் திகைத்து நின்றாள். ஒரே அளவில் ஏழெட்டுத் தகர டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் புரியாத எழுத்தும் எண்ணும் எழுதிய சீட்டு.

"சர்க்கரை எதும்மா இதுல?"

கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே, "பன்னெண்டுன்னு எழுதியிருக்கும் அண்ணி," என்றாள்.

நாற்பத்து மூன்று வயதில் அவள் வேதியியல் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருந்தாள். விண்ணப்பம் வாங்கி வந்தவரே பேருந்து ஓட்டுநரான கணவர்தான். பானைக்குள் கூழாங்கல் போட்ட காகத்தைப்போல, அவள் நினைவில் நாளுக்கொரு மூலக்கூறு வாய்பாட்டைப் போட்டுவிட வேண்டுமென்று, உப்புக்கு NaCl, சர்க்கரைக்கு C12H22O11 என அந்தச் சீட்டுகளைத் தம் கையாலேயே எழுதி ஒட்டினார். நேற்று முன்தினம் பணிமனையில் வண்டியை நிறுத்தியவர், படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

நாளை மறுநாள் செய்முறைத் தேர்வு. தவறினால் ஓராண்டு போய்விடும்.

"தாங்கிட்டிருந்தவனே போய்ட்டான். இனிமே எதுக்கும்மா படிப்பு?" என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டாள் நாத்தனார். யோசித்தால் இவளுக்கும் அது நியாயம்போலவே இருந்தது.

தேநீர் வந்தது. முதல் வாய் குடித்த சக ஓட்டுநர் முகம் கோணி, மரியாதைக்காக விழுங்கினார். நாத்தனார் தானும் குடித்துப் பார்த்தாள்.

"உப்பு! பன்னெண்டுன்னுதானே சொன்னே?"

இவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "அவர் மாத்தி ஒட்டிட்டார் அண்ணி. சர்க்கரையோட சீட்டு உப்பு டப்பாவுல, உப்போடது சர்க்கரையில. அன்னைக்கே பார்த்தேன்."

"பார்த்துட்டுச் சும்மாவா இருந்தே?"

"இடுப்புல கை வச்சுக்கிட்டு அழகு பார்த்துட்டு நின்னார். எப்படிச் சொல்றது? எட்டு மாசமா நானே மாத்தி எடுத்துக்கிட்டேன். இன்னைக்குப் புத்தகத்துல இருக்கறது வாயில வந்துடுச்சு."

"வழித்தடப் பலகையையே மாத்தி மாட்டிட்டு வண்டியெடுத்த ஆளும்மா அவன்," என்றார் சக ஓட்டுநர்.

"சின்னதுலயே செருப்பை மாத்தித்தான் போடுவான்," என்ற நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி கோப்பைகளைத் திரட்டிக்கொண்டு போனவள், சமையலறை வாசலில் நின்று திரும்பினாள்.

"நாளன்னைக்கு எத்தனை மணிக்குப் பரீட்சை?"

"ஒம்பதரைக்கு."

"அந்த வெள்ளைக் கோட்டை எடுத்து வை. தோய்ச்சுப் போடறேன். ஏம்மா, சீட்டைப் பிரிச்சு ஒழுங்கா ஒட்டிடட்டுமா?"

"வேண்டாம் அண்ணி."

இவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். உப்பு டப்பாவில் சீட்டின் ஒரு மூலை லேசாகப் பிரிந்திருந்தது. கட்டைவிரலால் அதை அழுத்தி ஒட்டிவிட்டு, பக்கத்து டப்பாவைத் திறந்து சர்க்கரை எடுத்தாள்.