கொசுறுத் துண்டு

தெருவுக்குத் தெரு சிவப்பு போர்டு முளைத்துக்கொண்டிருந்த காலம். பொரித்த கோழியைப் பெட்டியில் போட்டு விற்கும் அந்தக் கம்பெனி முதலில் பஸ் நிலையத்தில் கடை போட்டது, பிறகு ஆஸ்பத்திரி எதிரில், பிறகு பள்ளிக்கூட வாசலில். ஊரில் எவனும் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லையோ என்று பாத்திரக்கடைக்காரருக்குச் சந்தேகம். குக்கர் விற்பது அடியோடு நின்றுபோனதால் சந்தேகம் தீர்ந்தது. எதிர்க்க முடியாதவனோடு கூட்டுச் சேர்வதுதான் வியாபாரம் என்று கடையை விற்று, வீட்டை பேங்கில் அடமானம் வைத்து, அதே கம்பெனியின் கிளை ஒன்றை எடுத்தார்.

மனைவிக்கு வேலை இரண்டே நாளில் பிடிபட்டது. அவருக்குப் பிடிபடவில்லை. விலையைச் சொல்லிவிட்டு, கடைக்கு வந்தவர் முகத்தைப் பார்த்தே பிழைத்த மனுஷன். இங்கே விலையைத் திரை சொல்கிறது, முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

"ஏங்க, மணி அடிச்சா எண்ணெயிலேர்ந்து எடுங்க, பெட்டியில போடுங்க. அவ்வளவுதான்."

"இதுக்கு நான் எதுக்கு? ஒரு பொம்மையை நிறுத்திட்டுப் போகலாமே."

"அதுவும் வரும். அதுவரைக்கும் நீங்க நில்லுங்க."

ஒரு மத்தியானம் நடுவயதுப் பெண் ஒருத்தி வந்தாள். திரையைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"என்னங்க இவ்வளவு விலை? கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்க."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எத்தனை மாதமாயிற்று இந்தப் பேச்சைக் கேட்டு!

"விலையில கை வைக்க முடியாதும்மா. உங்களுக்காக வேணா..." மனைவி திரும்பிய நேரம் பார்த்து ஒரு துண்டைக் கூடுதலாகப் பெட்டியில் போட்டார். "கொசுறு. வெளியில சொல்லாதீங்க. அடுத்த தடவையும் நம்ம கடைக்கே வரணும்."

"கண்டிப்பா வர்றேன்" என்றாள்.

சொன்ன சொல் தவறவில்லை. மறுவாரமே வந்தாள், கழுத்தில் கம்பெனி அட்டையோடு, ஓர் இளவயது அதிகாரியையும் அழைத்துக்கொண்டு. அளவுக்கு மேல் ஒரு துண்டு கொடுத்தாலும் கிளையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கடை நன்றாக ஓடியது அவர் செய்த இன்னொரு தப்பு. ஓடாத கடையை எந்தக் கம்பெனி திரும்பக் கேட்கும்?

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேரம் அவருக்குத் தாய்ப்பால் மாதிரி.

"ஒரு மாசம் டைம் குடுங்க தம்பி."

"முடியாது சார்."

"அபராதம் போடுங்க."

"அதுக்கு இடமே இல்ல சார்."

"சரி, உங்க பேச்சும் வேண்டாம், என் பேச்சும் வேண்டாம். நடுவுல ஒண்ணு சொல்லுங்க."

அதிகாரி நிஜமாகவே குழம்பினான். "நடுவுலன்னா... என்ன சார்?"

கஞ்சன், எத்தன், வாய்தா சொல்பவன் என்று எல்லா ரகத்தோடும் மல்லுக்கட்டியவர் அவர். விட்டுக்கொடுக்கக் கையில் ஒன்றுமே இல்லாதவனை அன்றுதான் பார்த்தார். எழுந்துவிட்டார்.

"உங்க வீட்டம்மா இங்கயே வேலை பார்க்கலாம்" என்றாள் அந்தப் பெண், இரக்கத்தோடுதான். "நல்லா செய்யறாங்க."

மனைவி அவரைப் பார்க்காமல் தலையாட்டினாள். வீட்டுத் தவணையை யாராவது கட்ட வேண்டுமே.

அவள் சம்பளம் தவணையில் பாதிக்குக்கூடப் போதவில்லை. பேங்க் ஆள் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிப்போன அன்று அவர் நேரே கடைக்குப் போனார். உள்ளே வழிய வழியக் கூட்டம். வரிசையில் நின்றுதான் அவளிடம் போக முடிந்தது. அவள் தலைக்கு மேலே காமிரா. சொந்தப் பேச்சு பேசினால் வேலை போய்விடும்.

"வணக்கம் சார். பெரிய பெட்டியா, சின்னப் பெட்டியா?"

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டான்" என்றார்.

திரையில் இருந்த அவள் விரல் நின்றது.

"கூடக் குளிர்பானம் சேர்த்துக்கலாமா சார்?"

"அண்ணே, சட்டுனு சொல்லுங்கண்ணே" என்றான் பின்னால் நின்றவன்.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சின்னது போதும்மா" என்றார்.