சமையல் மேடையின் உயரம்

அழகிரிக்கு ஸ்ரீரங்கத்து வீட்டை வாங்கும்போதே அதை விற்கிற யோசனையும் வந்துவிட்டது. மனைவி விஜயராணி துவைக்கிற கல் கேட்டதற்கு, "விக்கிறப்போ இடிச்சுத் தள்ளுவாங்க" என்று தட்டிவிட்டார்.

அன்று சமையல் மேடை போட வந்த மேஸ்திரி பூவரசன், "இப்படி வந்து நில்லுங்கம்மா, உங்க கைக்குத் தோதா குறிச்சுக்கிறேன்" என்றார். விஜயராணி குள்ளம். தில்லை நகர் வாடகை வீடுகளில் எல்லாம் பலகை மேல் ஏறி நின்றே சமைத்தவள். புடவையைச் செருகிக்கொண்டு ஆசையாகப் போய் நின்றாள்.

"வேண்டாம் மேஸ்திரி, எல்லா வீட்டுலயும் இருக்கிற உயரமே போடுங்க. நாளைக்கு வாங்குறவங்களுக்கு ஒத்து வரணும்ல?" என்றார் அழகிரி.

அவள் கோபப்படவில்லை. "ஏங்க, வாங்கப்போற அந்தம்மா நல்ல உயரமோ? பாத்துட்டு வந்துட்டீங்களா?"

பூவரசன் சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அழகிரியின் முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக்கு வீடு அந்தப் பலகையைச் சுமந்து வந்தவரே அவர்தான். அது எதற்கென்று ஒரு நாளாவது நினைத்ததுண்டா? முன்பின் தெரியாத ஒருத்தியின் கைக்கு அல்லவா இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார்!

"அவ கைக்கே போடுங்க" என்றார், யாரையும் பார்க்காமல்.

"விலை குறைஞ்சிடுமேங்க?"

"குத்திக் காட்டாதே ராணி. நில்லு."

அவள் முழங்கையை மடக்கி நின்றாள். மேஸ்திரி சுவரில் கோடு இழுத்தார். அது அழகிரியின் இடுப்புக்கும் கீழே இருந்தது.