எண்ணூற்றுப் பன்னிரண்டாம் வரி

"இது வரைக்கும் வாய்ல நிக்குதுக்கா. இதுக்கு மேல நிக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, அரசியாக நடிக்கும் ஆஸ்பத்திரி லிஃப்டுக்காரி கையிலிருந்த தாள்களை மடியில் கவிழ்த்து வைத்தாள். டியூஷன் சென்டரின் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையில் யாரோ பாதியில் விட்டுப்போன கணக்கு ஒன்று அப்படியே இருந்தது. நாடகத்தை இயக்கிய கணக்கு சார் கடிகாரத்தைப் பார்த்தார். மொழிபெயர்த்தவள் எழுந்து வந்து, லிஃப்டுக்காரியின் தாளைத் திருப்பி, அவள் விரல் வைத்திருந்த இடத்தைப் பார்த்தாள். வரி எண் எண்ணூற்றுப் பன்னிரண்டு.

அவள் தாளைத் திரும்பக் கவிழ்த்து வைத்தாள். "திரும்பத் திரும்பச் சொல்லிப் பாரு, வந்துடும்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

மொழிபெயர்த்தவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் நகல் பிரிவில் வேலை. மூலப் பத்திரத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, ஒத்திருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். முப்பது வருஷமாக அதைத்தான் செய்துவருகிறாள். அலுவலகத்தில் அவளைக் கிரேக்கம்மா என்பார்கள். மதிய இடைவேளையில் மற்றவர்கள் வம்பளக்கும்போது அவள் மட்டும் மூலையில் உட்கார்ந்து கிரேக்க வினைச்சொற்களை முணுமுணுத்துக்கொண்டிருந்ததால் வந்த பெயர். முதலில் கேலியாக வைத்தது. பிறகு கேலி தேய்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது.

கல்லூரியில் அந்தக் கிரேக்க நாடகம் அவளுக்கு ஆங்கிலப் பாடம். இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தையது, எழுதியவன் பெயர் தொலைந்துபோனது. எதிரி முற்றுகையில் ஒரு நகரம். ஆறு எதிரியின் கையில் இருக்கிறது. தாகத்தில் குழந்தைகள் சாவதைப் பொறுக்காமல் அரசி கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறாள். சமாதானம் வந்த பிறகு, அவள் தயவில் தண்ணீர் குடித்த அதே ஜனங்கள் கூடி, துரோகி என்று அவளை ஊரைவிட்டுத் துரத்துகிறார்கள். ஆங்கிலத்தில் ஆக்கியவர், அந்நியர் நம்மை ஆண்ட காலத்தில் இங்கே பாடம் நடத்திய பேராசிரியர். இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அடக்கம் கற்பிக்க இந்நாடகம் உதவும் என்று முன்னுரையில் எழுதியிருந்தார். அவருடைய புத்தகத்தில் கடைசிக் காட்சியில் அரசி மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பாள். பரீட்சையில் அதை விளக்கி எழுதி அவள் நல்ல மதிப்பெண் வாங்கினாள்.

பல வருஷம் கழித்து, பழைய புத்தகக் கடையில் கிரேக்க மூலம் கிடைத்தது. பக்கத்திலேயே ஓர் இலக்கணப் புத்தகமும் இருந்தது. அதுவும் ஆங்கிலத்தில்தான். நம்மை ஆண்டவனுடைய கண்ணாடியைக் கழற்றுவதற்கு அவனிடமே இன்னொரு கண்ணாடியைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. நான்கு வருஷம் தட்டுத் தடுமாறிக் கடைசிக் காட்சிக்கு வந்து சேர்ந்தபோது, அரசி அங்கே மண்டியிடவே இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கதவருகில் நின்று பேசிவிட்டுப் போய்விடுகிறாள், அவ்வளவுதான். மூலத்தில் இல்லாததை ஒருவர் நகலில் சேர்த்திருக்கிறார். அவளுடைய அலுவலகத்தில் இதற்கு வேலையே போய்விடும். அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே முதல் வரியைத் தமிழில் எழுதினாள்.

அதைக் கேட்க ஒரே ஆள்தான் இருந்தது. அவளுடைய அம்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். பக்கவாதம் வந்து இடது பக்கமும் பேச்சும் போய்விட்டன. காது மட்டும் அப்படியே இருந்தது. பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வருவாள். சாயங்காலம் அலுவலகத்திலிருந்து அவள் வந்து, அம்மாவுக்கு முகம் துடைத்து, தலையணையை நிமிர்த்தி வைத்துவிட்டு, அந்த வாரம் செய்த ஒன்றிரண்டு வரிகளை உரக்கப் படிப்பாள். அம்மாவுக்குக் கிரேக்கமும் தெரியாது, நாடகமும் தெரியாது. ஆனால் வரி சரியாக வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். இல்லாவிட்டால் தொண்டையிலிருந்து "ஊஹூம்" என்று ஒரு சத்தம் வரும். ஒரு வரிக்குப் பத்தொன்பது தடவை ஊஹூம் சொன்னார். "நீயே எழுதிக்கோம்மா அப்ப" என்று அவள் நோட்டை விசிறியடித்தாள். அம்மாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பு. இருபதாவது தடவை கண்ணை மூடிக்கொண்டார்.

அப்படி ஒன்பது வருஷம். எண்ணூற்றுப் பதினோராவது வரிக்குக் கண்ணை மூடிய மறுநாள் மத்தியானம், அவள் அலுவலகத்தில் இருந்தபோது, அம்மா போய்விட்டார். மிச்சம் தொண்ணூற்று நான்கு வரிகள். ஒரு வருஷம் எடுத்துக்கொண்டு அவளே முடித்தாள். ஒரு பிழை கிடையாது. எந்தச் சொல்லுக்கும் அகராதியைக் காட்டி வாதாட முடியும். ஆனாலும் அந்த வரிகள் புதுச் செருப்பைப் போல விறைத்துக்கொண்டு இருப்பது அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டு, மெத்தை சுருட்டி வைத்திருந்த கட்டிலின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எண்ணூற்றுப் பன்னிரண்டிலிருந்து உரக்கப் படித்தாள். முடித்துவிட்டுக் காத்திருந்தாள். மாடி வீட்டில் யாரோ கிரைண்டரை நிறுத்தினார்கள். தானே ஒரு தடவை "ஊஹூம்" என்று சொல்லிப் பார்த்தாள். வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டு ஒத்திகைகளுக்கு அவள் போகவில்லை. ஏற்கெனவே அவளுக்கும் கணக்கு சாருக்கும் மனத்தாங்கல். ஜனங்கள் பிளாஸ்டிக் குடத்தோடு மேடைக்கு வருவதாக அவர் வைத்திருந்தார். "அந்தக் காலத்துல பிளாஸ்டிக் ஏது சார்?" என்று கேட்டாள். "இந்தக் காலத்துல தண்ணிக்கு வேற எதத் தூக்கிட்டு நிக்கிறாங்க மேடம்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். இப்போது அவர் போன் செய்து, "கடைசிக் காட்சிக்கு இங்கிலீஷ்ல இருக்கிற முடிவையே வெச்சுக்கலாமா? மண்டி போட்டா சனங்க அழுவாங்க" என்றார். அவள் போனை வைத்துவிட்டாள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

லிஃப்டுக்காரி சீருடையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பொத்தான்களுக்குக் கீழே, தகரத்தில் வசனத் தாள் ஒன்றை ஒட்டியிருந்தாள். இவளைப் பார்த்ததும் எழப் போனவள், "எந்த மாடிக்கா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாள்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது, சரியா அந்த எடத்துல?"

"தெரியல. மத்ததெல்லாம் யாரோ யார்கிட்டயோ பேசுற மாதிரி இருந்துச்சு. அங்கேருந்து நீங்க எழுதின மாதிரி இருக்கு."

கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சர் ஒன்று வந்தது. இருவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். மூன்றாம் மாடியில் ஸ்ட்ரெச்சர் இறங்கியது.

"இந்தாங்க, இதப் பாருங்க" என்று லிஃப்டுக்காரி தாளில் விரல் வைத்தாள். "'மகிழ்ந்திருங்கள்'னு சொல்லிட்டுப் போறா. துரத்துறவங்களப் பாத்து யாராவது சந்தோஷமா இருங்கன்னு சொல்வாங்களா?"

"கிரேக்கத்துல விடைபெறும்போது அப்படித்தான் சொல்வாங்க. அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். பாக்கும்போதும் அதே சொல்லு, போகும்போதும் அதே சொல்லு."

"சரி. நாம போகும்போது என்ன சொல்வோம்?"

அவள் பதில் சொல்வதற்குள் ஐந்தாம் மாடி வந்துவிட்டது. ஒருவர் ஏறினார். கையில் காலி டிபன் கேரியர். வெளியே திரும்பிப் பார்த்தபடியே, சக்கர நாற்காலியில் இருந்த பெண்ணிடம், "வரேன் என்ன? வரேன்" என்றார். கதவு மூடியது. லிஃப்ட் கீழே வந்து நின்றது. அவர் இறங்கிப் போன பிறகு லிஃப்டுக்காரி சொன்னாள்:

"அஞ்சாவது மாடி தேறாத கேஸுங்கக்கா. அங்க விட்டுட்டுப் போறவங்க எல்லாரும் வரேன்னுதான் சொல்வாங்க. பாதிப் பேருக்குத் தெரியும், இனிமே பாக்கப் போறதில்லன்னு."

"அரசி திரும்பி வரவே மாட்டா."

"அதனாலதான் சொல்லணும். திரும்பி வரப் போறவ சொல்லாமக்கூடப் போயிடலாம்."

அவள் லிஃப்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூலத்தில் மகிழ்ச்சி இருக்கிறது, வருகை இல்லை. எந்த அகராதியைக் காட்டியும் இதற்கு வாதாட முடியாது. அந்தப் பேராசிரியர் மண்டியிடுவதைச் சேர்த்ததும் இதுவும் ஒன்றா? ஒன்றல்ல என்று மனசு சொன்னது. பையிலிருந்து பேனாவை எடுத்து, தகரத்தில் ஒட்டியிருந்த தாளிலேயே அடித்து எழுதினாள். பிறகு எண்ணூற்றுப் பன்னிரண்டாவது வரிக்குத் திரும்பினாள். ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். ஒரு நர்ஸ், "இவங்க யாரு, இன்ஸ்பெக்ஷனா?" என்று கேட்டாள். லிஃப்டுக்காரி ஷிஃப்ட் முடிவதற்குள் பதினேழு வரிகள் ஆகியிருந்தன. மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும்.

மண்டியிடும் முடிவைக் கணக்கு சார் விட்டுவிட்டார். பிளாஸ்டிக் குடத்தை அவள் விட்டுக்கொடுத்தாள்.

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தொழிற்சங்கக் கட்டடத்தின் கூடத்தில் நடந்தது. எழுபது பேர் வந்திருந்தார்கள். அவள் கடைசி வரிசையில், பக்கத்தில் ஒரு காலி நாற்காலியோடு உட்கார்ந்தாள். மின்விசிறிச் சத்தத்தில் முதல் காட்சி பாதி கேட்கவில்லை. குடங்களோடு ஜனங்கள் வந்தபோது முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தக் குடங்கள் காலியாகக் கவிழ்ந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

கடைசியில் லிஃப்டுக்காரி மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்து, கூடத்தின் வாசற்கதவைத் திறந்தாள். இருட்டுக்குப் பழகியிருந்த கண்களில் வெயில் குத்தியது. நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்று, தொண்ணூற்று நான்கு வரிகளையும் சொன்னாள். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. கடைசியாக, குரலை உயர்த்தாமல், "வரேன்" என்றாள்.

"சரிம்மா, பாத்துப் போ" என்று நடு வரிசையிலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது. அது நாடகத்தில் இல்லாதது. யோசிக்காமல் வாயில் வந்துவிட்ட பதில். அருகிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆள் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

மொழிபெயர்த்தவளுக்குத் தன் காதில் ஏதோ அடைத்துத் திறந்தது போலிருந்தது. பக்கத்து நாற்காலியின் பக்கம் திரும்பப் போய், பாதியில் கழுத்தை நிறுத்திக்கொண்டாள்.

லிஃப்டுக்காரி படியிறங்கிப் போய்விட்டாள். அவளுக்கு நான்கு மணிக்கு ஷிஃப்ட், வணக்கம் சொல்ல வரமாட்டாள் என்று முன்பே சொல்லியிருந்தாள். யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. எழுபது பேரும் நாற்காலியில் திரும்பி, கழுத்தை எக்கி, திறந்த கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில், அரசியின் உடையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். ஒரு பஸ் அவளுக்காக நின்றது.