கோட்டுப் பையில் பதிமூன்று சீட்டு

ரயிலில் பொழுது போகவில்லை என்று மடிப்பக்கா யாரிடமும் போய் அழுததில்லை. இருந்தாலும் யோசனை சொல்ல மட்டும் ஆளாளுக்கு வரிசை கட்டி நின்றார்கள். காதில் எதையாவது மாட்டிக்கொண்டு புது பாஷை ஒன்று படிக்கலாமே என்றாள் மகள். போகும்போதும் வரும்போதும் கண்ணை மூடித் தூங்கினால் வீட்டு வேலையைச் சுறுசுறுப்பாகப் பார்க்கலாமே என்றார் வீட்டுக்காரர். சலவை நிலையத்தில் யாருக்கு எந்த மேசை என்று ரயிலிலேயே முடிவு செய்து கைபேசியில் அனுப்பிவிட்டால் காலையில் நேரம் மிச்சம் என்றார் மேலாளர். எல்லாருக்கும் சரி சரி என்று தலையாட்டி வைப்பாள். ஏறி உட்கார்ந்ததும் கைபேசியின் வாயை அடைத்துப் பையின் அடியில் தள்ளிவிடுவாள்.

அவளுக்கு அங்கே வேறு வேலை இருந்தது. சீட்டு.

கடைசிக்கு முந்தின பெட்டியில், கதவோரத்து எதிரெதிர் இருக்கைகளில் நாலு பேர். மூக்குக்கண்ணாடி விற்கிற கண்ணாடிக்கடைக்காரர், வயதில் மூத்தவர். பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக இருக்கிற பெண், அவள் பெயர் பல்லு என்றே ஆகிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக் ஒருவன், ஏறியதிலிருந்து இறங்குகிற வரை பேச்சை நிறுத்தாததால் அவன் ரேடியோ. நாலாவது ஆள் மடிப்பக்கா. கண்ணாடிக்கடைக்காரரின் தட்டைப் பெட்டியை நாலு ஜோடி முழங்காலுக்கு நடுவே வைத்தால் மேசை தயார். ஆட்டம் ரம்மி. காசு கிடையாது. ஜெயித்தவர் அன்றைக்கு முழுக்கத் தலை நிமிர்ந்து நடக்கலாம், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் ஒரு தொல்லை இருந்தது. ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் கடைசி நிலையம் வந்து தொலைக்கும். எல்லாச் சீட்டையும் ஒன்றாகப் போட்டுக் கலைத்துவிட வேண்டியதுதான். நல்ல சீட்டு வந்தவர் வயிறெரிந்துகொண்டே இறங்குவார். ஒருநாள் ஒரே ஒரு சீட்டுக்காகக் காத்திருந்த பல்லு, "நான் கலைக்க மாட்டேன்" என்று சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடைமேடையிலேயே நின்றுவிட்டாள். அன்றைக்குத்தான் கண்ணாடிக்கடைக்காரர் தீர்ப்புச் சொன்னார். அவரவர் சீட்டு அவரவர் பையில். பங்கு போட்டது போக மிச்சமிருக்கிற நடுக்கட்டு தன்னுடைய பெரிய கூலிங் கிளாஸ் டப்பாவில். சாயங்காலம் திரும்புகிற ரயிலில் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியது.

அதற்கு ஒரு முறையும் ஏற்பட்டது. மேல்சீட்டும் அடிச்சீட்டும் உள்பக்கம் பார்க்க அடுக்கி, ரப்பர் பேண்டு போட வேண்டும். வெளியே முதுகுதான் தெரியும். பகலில் தானும் பிரித்துப் பார்க்கக் கூடாது, பிறருக்கும் காட்டக் கூடாது. பிறத்தியார் கண் பட்டால் அந்த ஆட்டமே செல்லாது. இத்தனை காலத்தில் ஒருவர்கூட அதை மீறியதில்லை. வாய் ஓயாத ரேடியோகூடத் தன் சீட்டைப் பற்றி மூச்சு விட்டதில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போதும் சட்டைப்பையில் அது இருக்கும் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

மடிப்பக்காவின் வேலை சலவை நிலையத்தில். ஊரிலிருக்கிற ஆஸ்பத்திரித் துணியெல்லாம் அங்கேதான் வந்து குவியும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு. துணி உள்ளே வந்ததும் முதலில் போவது பை மேசைக்கு. அங்கே ஒவ்வொரு பையையும் திருப்பி உதறிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் போடுவார்கள். பேனா, சாவி, மிட்டாய் காகிதம், ஒருமுறை செட்டுப் பல்கூட வந்திருக்கிறது. மடிப்பக்கா அந்த மேசையில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது அவள் மடிப்புக் கூடத்துக்குத் தலைவி. நீராவி இஸ்திரியிலிருந்து சூடாக வந்து விழுகிற விரிப்பை அவள் கை தொட்டால் அது நாலு மூலையும் பொருந்தித்தான் கீழே இறங்கும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் மேலாளர் ஒரு நல்ல செய்தியைக் கொண்டுவந்து போட்டார். சலவை நிலையம் முழுவதற்கும் அவளைப் பொறுப்பாளராக்குகிறார்களாம். கூடவே பின்கட்டில் இரண்டு அறை வீடு, குழாய் சமையலறைக்குள்ளேயே. ஒரே நிபந்தனை, குடும்பத்தோடு அங்கே வந்துவிட வேண்டும். "ஒரு குரல் கொடுத்தா நீங்க வந்து நிக்கலாம். அந்த ரயில் சனியன் இனிமே கிடையாது" என்றார். வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

வீட்டில் அன்றைக்கே மிச்சமாகப் போகிற நேரத்தைப் பங்கு போட்டாகிவிட்டது. மோட்டார் ரிப்பேர் செய்கிற வீட்டுக்காரர், காலையில் இனிமேல் சூடாகச் சாப்பிடலாம் என்றார். சலவை நிலையத்துப் பக்கமே குடியிருக்கிற நாத்தனார் தன் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லித்தர ஆள் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டாள். அவர்களுக்குப் போக மீதி மேலாளருக்கு. மடிப்பக்காவுக்கு என்று ஒரு துளி மிச்சம் வைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் வீட்டுக்காரர். நியாயமான கேள்வி. சீட்டாடுவதற்காக வீட்டையும் பதவியையும் வேண்டாம் என்று சொல்கிற பொம்பிளையைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியாதா? வெட்கமாக இருந்தது. வெட்கப்படுகிறோமே என்று கோபமாகவும் இருந்தது. அந்த ரயிலில் அவள் யாருக்கும் அம்மா இல்லை, பெண்டாட்டி இல்லை, தலைவி இல்லை. அங்கே மட்டும்தான் வயிறு குலுங்கச் சிரிக்கிறாள். அதை எந்த வார்த்தையில் போட்டு யாரிடம் சொல்வது?

வாரக் கடைசி வந்தது. அன்று கோட்டு மாற்றுகிற நாள். நிலையத்து ஊழியர்களின் கோட்டும் அங்கேதான் வெளுக்கும். காலையில் வந்ததும் சீட்டை எப்போதும்போல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். மனசெல்லாம் சாயங்காலம் மேலாளருக்குச் சொல்ல வேண்டிய பதிலில் இருந்தது. அழுக்குக் கோட்டைக் கழற்றித் தள்ளுவண்டியில் எறிந்தாள், சலவைக் கோட்டை மாட்டினாள், இஸ்திரி மேசைக்குப் போய்விட்டாள். ஊரார் பையெல்லாம் துழாவிப் பழகிய கை, சொந்தப் பையைத் துழாவ மறந்துவிட்டது.

தொட்டுப் பார்த்தபோது பை காலியாக இருந்தது. பை மேசைக்குப் போக அவள் திரும்பவும், மேலாளர் கையில் ஒரு தட்டோடு கூடத்துக்குள் வரவும் சரியாக இருந்தது. தட்டில் ரப்பர் பேண்டு போட்ட சீட்டு.

"இது யாரோடது?" என்றார். "நம்ம ஆளுங்க கோட்டுலேருந்துதான் வந்திருக்கு. வேலை நேரத்துல இங்க சூதாட்டம் நடக்குதா?"

கோட்டுகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், அவளுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டு நின்றால் சாயங்காலம் பதவி, வீடு, சாவி. சீட்டு குப்பைக்கூடைக்குப் போகும். ரயிலில் மூன்று பேர் அவரவர் சீட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நாலாவது ஆளின் முகத்தைப் பார்ப்பார்கள். தொலைத்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவார்கள். நம்புவார்கள் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"என்னோடது சார்" என்றாள்.

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்து மேசைக்காரி கையிலிருந்த உறையைக் கீழே போட்டாள்.

அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மேசைமேல் ஒரு சாவி தயாராக இருந்தது. அதன் பக்கத்தில் சீட்டை வைத்தார்.

"ஏம்மா, உங்க வயசுக்கு இது தேவையா?"

"ரயில்ல ஆடுறது சார். பணம் வெச்சு இல்ல. பாதியில நிக்கும், அதனால கையில வெச்சிருக்கேன். வேலை நேரத்துல பிரிக்கிறது கிடையாது."

"பாவம், பொழுது போகலைன்னு ஆடுறீங்க. புரியுது. அதுக்குத்தான் சொல்றேன், வீட்டை எடுத்துக்குங்க. ரயிலும் வேண்டாம், இந்தக் கண்றாவியும் வேண்டாம். நான் இதைப் பார்க்கவே இல்லன்னு வெச்சுக்கறேன். இதைக் குப்பையில போட்டுடலாம், நீங்க சாவியை எடுத்துக்கிட்டுப் போங்க."

அவள் சாவியைப் பார்த்தாள். புதுச் சாவி, பளபளவென்று இருந்தது. கையை நீட்டவில்லை.

அவள் யோசிக்கிறாள் என்று நினைத்து அவர் கொஞ்சம் இளகினார். சிரித்துக்கொண்டே சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தார். "அப்படி என்னதான் வெச்சிருக்கீங்க, பார்ப்போம்" என்று ரப்பர் பேண்டில் விரலை விட்டார்.

மடிப்பக்காவின் கை பாய்ந்து வந்து அவர் கைமேல் விழுந்தது. சீட்டையும் அவர் விரலையும் சேர்த்து மேசையோடு அமுக்கிக்கொண்டது. சுடச்சுடத் துணியை அமுக்கிப் பழகிய கை, அவரால் அசைக்க முடியவில்லை.

"பிரிக்காதீங்க சார். ஆட்டம் இன்னும் முடியல."

"என்னம்மா இது, கையை எடுங்க."

"நீங்க எடுங்க சார், நான் எடுக்கறேன்."

கடைசியில் அவர்தான் விரலை இழுத்துக்கொண்டார். அவள் சீட்டை எடுத்து, ரப்பர் பேண்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கோட்டுப் பையில் போட்டாள்.

"பொழுது போகாம ஆடலை சார். என் பொழுதுன்னு எனக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான். ஊர்ல இருக்கிறவங்க பையெல்லாம் காலி பண்ற வேலைக்குத்தான் இங்க வந்தேன். என் பையில இருக்கிறதை யாரும் காலி பண்ண விட மாட்டேன். வீடு வேண்டாம். பொறுப்பும் வேற யாருக்காவது குடுங்க. என் மடிப்புல எங்கயாவது கோணல் இருந்தா அதுக்குக் கூப்பிட்டுக் கேளுங்க, நிக்கறேன்."

"ஒரு சீட்டுக்கட்டுக்காகவா இதெல்லாம் விடறீங்க?"

"ஆமா சார்" என்றாள். காலையில்கூட வெட்கப்பட்ட விஷயம் அது. இப்போது வாயிலிருந்து வந்தபோது அவளுக்குத் துளியும் கூச்சமாக இல்லை.

அவர் சாவியை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். அந்தச் சத்தம் அவள் காதில் நன்றாக விழுந்தது. வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். சமையலறைக்குள்ளேயே குழாய் என்பது லேசான விஷயமா? அடுப்படிக்குத் தண்ணீர் தூக்கித் தூக்கிக் கழன்ற தோள் அவளுடையது. ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் கூடத்துக்கு வந்து, பாதியில் விட்ட விரிப்பை எடுத்து மடித்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவளும் ஒவ்வொருவரையும் திருப்பிப் பார்த்தாள்.

சாயங்காலம் ரயிலில் பெட்டி முழங்காலுக்கு நடுவே ஏறியது. கண்ணாடிக்கடைக்காரர் டப்பாவைத் திறந்து நடுக்கட்டை வைத்தார். நாலு ரப்பர் பேண்டும் கழன்றன. நடந்தது எதையும் மடிப்பக்கா சொல்லவில்லை. சீட்டை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தாள்.

பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். ஒன்றோடு ஒன்று சேராத பதிமூன்று. ஒரு வரிசை இல்லை, ஒரு ஜோக்கர் இல்லை. இதைவிட மோசமான சீட்டு அந்தக் கட்டில் யாருக்கும் வந்திருக்க முடியாது. காலையில் இதைக் கண்டு தானே முகம் சுளித்தது இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

அவள் முறை வருவதற்குள் ரேடியோ நடுக்கட்டிலிருந்து ஒன்றை உருவினான், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சை நிறுத்தினான், சீட்டைக் கவிழ்த்து இறக்கினான். ஆட்டம் முடிந்தது. எல்லாரும் கையைக் காட்ட வேண்டியதுதான். மடிப்பக்கா தன்னுடையதைப் பெட்டிமேல் பரப்பினாள்.

"அய்யே" என்றாள் பல்லு. "இந்தக் குப்பையையா அக்கா நாள் முழுக்கப் பத்திரமா வெச்சிருந்தீங்க?"

மடிப்பக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர, பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்க்க, விழுந்து விழுந்து சிரித்தாள். ஏன் என்று தெரியாமலே மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். சிரித்து ஓய்ந்ததும் புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பைக்குள் கைவிட்டு அடியிலிருந்த கைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்தாள். ரயிலில் அவள் அதில் பேசி அவர்கள் பார்த்ததே இல்லை.

"சாவி வாங்கிட்டியா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"இல்ல. வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன். மறைக்காம சொல்றேன். உங்களுக்குப் பிடிக்காது, பரவாயில்ல."

"அப்போ நாளைக்கும் அதே ரயில்லதான் போய் இடிபடப் போறியா?"

"அதே ரயில்தாங்க. நாளைக்கும், நாளன்னைக்கும். இப்போ வெச்சுடறேன், ஆடிக்கிட்டிருக்கேன்."

கைபேசியைப் பையின் அடியில் தள்ளினாள். மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் கட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மடிப்பக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சீட்டைக் கலைத்துப் போட ஆரம்பித்தாள்.