மொன்றியல் கிளையின் நிச்சயமான ஒரு வாக்கு

என் கணவர் டெஸ்மண்ட் படையாச்சி ஒரு கட்சியின் கிளைத் தலைவர். கட்சி இருப்பது தென்னாபிரிக்காவில், அதுவும் எதிர்க்கட்சியாக. கிளை இருப்பது மொன்றியலில், கார்ட்டியர்வில்லில், மூன்றாம் மாடியில், என் வீட்டு ஹோலில். கட்சியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. 2009ஆம் ஆண்டுத் தேர்தலுக்காக அதற்கு மூன்று மாதம் சமைத்துப் போட்டது போதும். விளம்பரமும் நானே செய்ய ஏலாது.

கிளை என்று எழுதிக்கொள்ள ஐந்து பேர் வேண்டுமாம். டெஸ்மண்ட் ஒன்று. அவரோடு டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் அல்பேட் இரண்டு. லாசாலில் இருக்கும் ஜெசிக்காவும் அவள் புருஷன் பற்றிக்கும் சேர்த்து நாலு. நாலு பேருமே தென்னாபிரிக்காவில் பிறந்தவர்கள். ஐந்தாவது ஆள் எங்கே தேடியும் அகப்படாததால் என் பெயரை எழுதினார்கள். நான் மன்னாரில் பிறந்தவள். ஆபிரிக்காவை வரைபடத்தில் பார்த்ததோடு சரி.

மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அந்த மாதங்களில் வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஊர்வலத்துக்கும் டெஸ்மண்ட் என்னோடு வந்து குளிரில் பதாகை பிடித்தார். தன் நாட்டுக்குச் சம்பந்தமில்லாத காரியத்துக்கு ஒரு மனிதன் அப்படி நிற்கும்போது, அவருடைய காகிதத்தில் என் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பெயரோடு குசினியும் சேர்ந்து போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் கூட்டம். டர்பன் வழக்கப்படி பேக்கரியில் வாங்கிய முழுப் பாணின் நடுவைத் தோண்டி, அதற்குள் ஆட்டுக்கறியை ஊற்றிச் சாப்பிடுவார்கள். ஆளுக்குப் பாதிப் பாண். தோண்டியெடுத்த பாணை என்ன செய்வது என்று எந்தக் கூட்டத்திலும் தீர்மானம் எடுக்கப்படவில்லை. மூன்று மாதமாக நான் அதைத்தான் தின்றேன்.

டெஸ்மண்ட் டர்பன்காரர். அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தமிழ் இல்லை. விமானச் சாப்பாடு கட்டும் இடத்தில் எனக்கு வேலை, பக்கத்துக் கட்டடத்தில் அவருக்கு வேலை. மத்தியான இடைவேளைகளில் என்னிடம்தான் தமிழ் படித்தார். நான் அவரை ‘நீங்கள்’ என்று கதைத்ததால் அவரும் என்னை ‘நீங்கள்’ என்றே கதைக்கப் பழகிவிட்டார். “உன்ரை மனுசன் உன்னைப் பள்ளிக்கூட ரீச்சர் மாதிரியெல்லோ நடத்துறார்” என்று என் அக்கா யோசெப்பின் சிரிப்பாள்.

இந்தக் கிளையில் இன்னொரு விசேஷம். ஜனவரியில் தொடங்கியபோது ஒருவருக்கும் வாக்கே கிடையாது. வெளிநாட்டில் குடியேறியவர்கள் வாக்களிக்க முடியாது என்றுதான் அப்போது சட்டம். வாக்கு இல்லாமலே பிரசாரம் செய்தார்கள். மொன்றியலில் இருக்கும் தென்னாபிரிக்கர்களைப் பிடித்து, அவர்கள் மூலம் ஊரிலுள்ள சொந்தக்காரர்களை மாற்றுவதாம் திட்டம். ஆட்களை எப்படிப் பிடிப்பது? தொலைபேசிப் புத்தகத்தில் பெயரைப் பார்த்துப் பிடிக்கலாம் என்றான் பற்றிக். ஜூபேர், மறே, டுப்ளெசி. தென்னாபிரிக்க வெள்ளையர்களின் பெயர்கள். புத்தகத்தைத் திறந்தால் பக்கம் பக்கமாக இருந்தன.

“இஞ்சருங்கோ, இது கியூபெக் ஆக்களின்ரை பேரெல்லோ?” என்று கேட்டேன்.

“இல்லை றெஜினா. எங்கடை பள்ளிக்கூடத்து அதிபர் ஜூபேர். நல்லாத் தெரியும்” என்றார் டெஸ்மண்ட்.

முந்நூறு வருடங்களுக்கு முன்னால் பிரான்சிலிருந்து ஒரு கூட்டம் கேப் டவுனுக்கும் போயிருக்கிறது, அதே பெயர்க்காரர்கள் இங்கேயும் வந்திருக்கிறார்கள். இது டெஸ்மண்டுக்கு விளங்க நாற்பத்தொரு அழைப்பு எடுத்தது. அவருக்குப் பிரெஞ்சு வராது. நாற்பத்தொரு பேரிடமும் ‘பர்தோன்’ சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது நான்தான். பிறகு, தென்னாபிரிக்கத் தமிழர்களாக இருக்கும் என்று, பிள்ளையில் முடியும் பெயர்களைப் பிடித்தார்கள். அதில் முதலில் அகப்பட்டவர் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த அருமைநாதன்பிள்ளை. கோயில் நிர்வாகத்துக்குத் தேர்தல் வைக்கப்போகிறார்கள் என்று நினைத்து, தன்னையும் போடச் சொன்னார்.

கூட்டத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு டெஸ்மண்ட் ஒரு கதை சொல்லுவார். ஒவ்வொரு முறையும் அதே கதை. 1999 தேர்தலில் அவர் வாக்குச்சாவடியில் கட்சியின் பார்வையாளராக இருந்தார். அவருடைய சொந்த மாமா காலையில் வந்து வாக்களித்தார். வாக்களித்தவர்களுக்கு இடது பெருவிரல் நகத்தில் மை பூசுவார்கள். மாமா வீட்டுக்குப் போய், உடுப்பு வெளுக்கிற தண்ணீரில் நகத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு, வெளியூர் போயிருந்த தம்பியின் பச்சை அடையாளப் புத்தகத்தோடு பின்னேரம் திரும்பி வந்தார். நகக்கண்ணில் கொஞ்சம் மை மிச்சம் இருந்தது. டெஸ்மண்ட் எழுந்து நின்று பிடித்துக் கொடுத்தார். மாமா போட வந்ததும் இதே கட்சிக்குத்தான் என்பதைச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த மாமா குடும்பம் எங்கள் கல்யாணத்துக்கு ஒரு வாழ்த்துமடல்கூட அனுப்பவில்லை.

மார்ச் நடுவில் அந்த நாட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெயர் ஏற்கெனவே பட்டியலில் இருந்தால் வெளிநாட்டிலும் வாக்களிக்கலாம். ஏப்ரல் பதினைந்து, ஒட்டாவாவில், தூதரகத்தில். மார்ச் முடிவதற்கு முன்னால் அறிவித்தல் படிவம் அனுப்ப வேண்டும். டெஸ்மண்ட் சின்னப் பிள்ளைபோல ஹோலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். இங்கே வந்த பத்து வருடத்தில் அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் கண்டது குறைவு.

உண்மையைச் சொன்னால் கிளைக்கு நிச்சயமான வாக்கு ஒன்றுதான் இருந்தது. ஜெசிக்காவும் பற்றிக்கும் கிழமைக்கு ஒரு கட்சியை யோசித்தார்கள். அல்பேட் ஆளும் கட்சிக்காரர். அதை அவர் ஒளித்ததும் இல்லை, கறிக்காகத்தான் வருகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லுவார். டெஸ்மண்டின் வாக்கு ஒன்றுக்காகத்தான் என் வீடு மூன்று மாதம் கட்சிக் கந்தோராகக் கிடந்தது.

படிவம் நிரப்புவது நான். எங்கள் பங்கில் பாதிப் பேருடைய படிவங்கள் என் கையெழுத்தில்தான் அரசாங்கத்துக்குப் போயிருக்கின்றன. நாலு பேருடையதையும் நிரப்பி அனுப்பினேன். பிறகுதான் ஜெசிக்கா ஒரு சந்தேகம் கேட்டாள். அவள் கனடாக் குடியுரிமை எடுத்தவள், அதனால் ஏதாவது பிரச்சினை வருமா என்று. தூதரகத்துக்கு அழைத்தேன். கதைத்த பெண் மரியாதையாக விளக்கினாள். வேறு நாட்டுக் குடியுரிமை எடுப்பதற்கு முன்னால் தென்னாபிரிக்காவிடம் அனுமதிக் கடிதம் எடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. எடுக்காவிட்டால், மற்றக் குடியுரிமை கிடைத்த அன்றே தென்னாபிரிக்கக் குடியுரிமை போய்விடும்.

ஜெசிக்காவிடம் கடிதம் இருந்தது. பற்றிக்கிடமும் இருந்தது. அல்பேட் கனடாக் குடியுரிமையே எடுக்கவில்லை, அடுத்த பனிக்கு முன்னால் ஊருக்குப் போய்விடுவேன் என்று வருடா வருடம் சொல்லுகிறவர். டெஸ்மண்டிடம் கடிதம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

2003இல் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் குடியுரிமைக்குத் தகுதி வந்தது. டெஸ்மண்ட் அப்போது ஏதோ சொன்னார். ஒரு கடிதம் எடுக்க வேண்டும், ஆறு மாதம் செல்லும், அதற்குப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்று. ஆறு மாதமா? நான் கொழும்பில் பாஸ்போட் வரிசையில் நின்று பொலிஸிடம் உதை வாங்கியவர்களைப் பார்த்தவள். ஒரு நாடு வா என்று கதவைத் திறந்தால், அடுத்த நிமிடம் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த சட்டம். “அதைப் பேந்து எடுப்பம், இதிலை முதல் கையெழுத்து வையுங்கோ” என்று வைக்க வேண்டிய இடத்தில் புள்ளடி போட்டுக் கொடுத்தேன். வைத்தார். இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே உறையில் போட்டு நான்தான் தபாலில் சேர்த்தேன். என்னுடைய ஆட்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

சனிக்கிழமை காலைச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்ப நான் ஆறு வருசமா தென்னாபிரிக்கன் இல்லை” என்றார்.

“என்னிலைதான் பிழை. நான்தான் அவசரப்படுத்தினனான்.”

“கையெழுத்து என்ரை.”

இந்தப் பெருந்தன்மைதான் எனக்குப் பொறுக்காது. சத்தம் போட்டிருந்தால் நானும் நாலு சொல் சொல்லி ஆறியிருப்பேன். எழும்பிப்போய் அலுமாரியிலிருந்து அவருடைய பழைய பாஸ்போட்டையும் பச்சைப் புத்தகத்தையும் எடுத்து வந்து மேசையில் வைத்தேன்.

“பாஸ்போட் ஒக்ரோபர் வரைக்கும் செல்லும். புத்தகம் இருக்குது. பேர் பட்டியலிலை இருக்குது. நீங்கள் கனடா சிற்றிஸன் எண்டு அவையளுக்கு ஆர் சொல்லப்போகினம்? பேசாமல் போய்ப் போட்டிட்டு வாங்கோ.”

“ஓம். அவைக்குத் தெரியாதுதான்” என்றார். இரண்டையும் எடுத்து ஜக்கற்றின் உள்பைக்குள் வைத்தார். எனக்கு அரைவாசி உயிர் வந்தது. மற்ற அரைவாசி அந்த மாமாவை நினைத்துக்கொண்டிருந்தது.

ஏப்ரல் பதினைந்து புதன்கிழமை. நான் லீவு போட்டேன். ஐந்து பேரும் எங்கள் வான் வண்டியில் விடியப் புறப்பட்டோம். முந்தின கிழமைதான் இதே ஒட்டாவாவுக்கு எங்கள் ஆட்களோடு பஸ்ஸில் வந்து பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று கத்திவிட்டுப் போனேன். என் ஆட்களைச் சொந்த நாடே கொன்றுகொண்டிருக்க, நான் இன்னொரு நாட்டின் வாக்குச் சீட்டுக்காக இறைச்சி வைத்து ரோல்ஸ் சுட்டுப் பெட்டியில் கட்டிக்கொண்டு வருகிறேன். நினைக்க எரிச்சல் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

தூதரகத்துக்கு வெளியே நடைபாதையில் வரிசை நீண்டிருந்தது. கட்சிச் சின்னத்தை இங்கே சட்டையில் குத்தக்கூடாது என்றார்கள், டெஸ்மண்ட் கழற்றிப் பைக்குள் போட்டார். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. முன்னால் நின்ற ஒரு பெண் டர்பனில் அவருடைய வீட்டுக்கு அடுத்த தெருவாம். பின்னால் நின்றவர் அவருடைய பள்ளிக்கூடமாம். அந்த ஆங்கிலத்தை அவர் அவ்வளவு வேகமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. ஒன்றரை மணித்தியாலம் அந்த வரிசையில் அவர் ஊரில் இருந்தார். நான் எதிர்ப்பக்கத்தில் நின்று செபமாலை சொன்னேன். மாதாவே, இந்த மனுசன் ஒருக்கால் மட்டும் ஒரு பொய் சொல்லட்டும். பாவம் வந்தால் என் கணக்கில் வரட்டும், உறையை ஒட்டியது நான்தானே.

அல்பேட்டும் டெஸ்மண்டும் ஒன்றாக உள்ளே போனார்கள். அவர்களுக்கு முன்னால் போன ஜெசிக்காவும் பற்றிக்கும் முதலில் வெளியே வந்து நகத்தைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு டெஸ்மண்ட் வந்தார். நான் முகத்தைப் பார்க்கவில்லை, இடது பெருவிரலைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

“கேட்டவையோ?” என்றேன்.

“இல்லை. ஒருதரும் கேக்கேல்லை. அந்தப் பிள்ளை பட்டியலிலை என்ரை பேரை வெட்டப் போனவ. நான்தான் சொன்னனான்.”

“ஏன்? ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லாமல் எல்லாம் முடிஞ்சதே. விசரோ உங்களுக்கு? மூண்டு மாசம்... நாப்பத்தொரு பேரிட்டை ஏச்சு வாங்கினனான்.”

“தெரியும் றெஜினா. பக்கத்திலை நிண்டவரின்ரை கையிலை மையைத் தொட்ட தூரிகை. விரலை நீட்டினனான். மாமா ஞாபகம் வந்திட்டார்.”

“பாஸ்போட்டையும் பறிச்சுப்போட்டினமோ?”

“பறிக்கேல்லை. நான்தான் குடுத்தனான்.”

நடுத்தெருவில் நின்று அழுதேன். கோபத்தில்தான் தொடங்கினேன், பிறகு அது கோபமாக இருக்கவில்லை. எனக்கு ஒரு நாட்டைப் பிடித்துத் தரும் அவசரத்தில் அவருடையதைப் பிடுங்கி உறையில் போட்டு அனுப்பியிருக்கிறேன். அவர் என் தோளைத் தட்டி, “ரோல்ஸ் ஆறப்போகுது” என்றார்.

கடைசியாக அல்பேட் வந்தார். உள்ளே நடந்ததை அவர் பக்கத்து மேசையில் நின்று கண்டிருக்கிறார். நேரே வானில் ஏறினார். வாயாடி மனிதர், வழியில் ஒரு பகிடிகூட விடவில்லை. ஹீற்றர் போட்டு வானுக்குள் வெக்கையாக இருந்தது. ஜக்கற்றைக் கழற்றினார், தொப்பியைக் கழற்றினார், கையுறையை மட்டும் கழற்றவில்லை. அந்தத் தடித்த கையுறையோடு ரோல்ஸைப் பிடித்து, மேலெல்லாம் உதிரச் சாப்பிட்டார்.

பாதி வழியில் பெற்றோல் அடிக்க நிறுத்தியபோது டெஸ்மண்ட் பின்னால் திரும்பினார்.

“அதைக் கழற்று அல்பேட்” என்றார் ஆங்கிலத்தில். “நான் பார்க்க வேண்டும்.”

அல்பேட் தயங்கி இடது கையுறையைக் கழற்றி விரலை நீட்டினார். யாருக்குப் போட்டாய் என்று டெஸ்மண்ட் கேட்கவில்லை. அந்த விரலைப் பிடித்து, நகத்திலிருந்த கறுத்தக் கோட்டைக் கொஞ்சநேரம் பார்த்தார். தன் பெருவிரலால் அதை அழுத்தித் தேய்த்தார். அது அழியவில்லை.

“நல்ல மை” என்று சொல்லிவிட்டு வானை எடுத்தார்.