அச்சில் விழாத கடைசி வரி

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, இருநூறு பிரதிகளையும் அச்சடித்து முடித்த பிறகுதான் கவனித்தேன். நிகழ்ச்சி நிரலில் தாவிதா பெரியப்பாவின் பெயர் இல்லை.

மறுநாள் எங்கள் புதுத் தேவாலயத் திறப்பு. எங்கள் ஊர் பாகோ பாகோவில் அச்சில் பெயர் இல்லாதவர் சபையில் இல்லாதவர். ஏழு வருஷத்துக்கு முன் தாத்தாவின் அடக்க ஆராதனையில், அப்பா அச்சடித்த தாளில் பெரியப்பாவின் முடிவு ஜெபம் இப்படித்தான் விட்டுப்போனது. "வேணும்னே கழட்டிவிட்டுட்டான்" என்று எழுந்து போனவர், திரையில் பெயர் இருந்ததென்று அப்பா எத்தனை சொல்லியும் கேட்காமல், அன்றிலிருந்து அப்பாவோடு பேசுவதில்லை. போன மாதம் போதகர் காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் நாளைய முடிவு ஜெபத்துக்கு அவரைச் சம்மதிக்க வைத்தார்.

தேவாலய அலுவலகத்தில் அச்சு வேலை என் பொறுப்பு. எட்டிப் பார்த்த அப்பாவிடம் தாளைக் காட்டினேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு. இனி செத்தாலும் என் வீட்டு வாசல் மிதிக்க மாட்டாரு."

"செத்தப்புறம் யாருப்பா வந்து மிதிக்கறது? சும்மா இருங்க, பாக்கறேன்."

திரையில் பெயர் இருந்தது. மறுபடி அச்சடித்தால் இல்லை. பிரிண்டரை அணைத்துப் போட்டேன், மையை மாற்றினேன், நல்ல வார்த்தையில் இரண்டு திட்டும் திட்டினேன். அது அசையவில்லை.

நிரலை அடித்து அனுப்பியது பக்கத்து நாட்டில், அபியாவில் இருக்கிற அத்தை மகன் செமிசி. எங்கள் குடும்ப நிரல்கள் எல்லாம் அவன் கைவேலைதான். அவனைக் கூப்பிட்டேன், போன் அணைந்திருந்தது. நடுவே தேதிக்கோடு ஓடுவதால் எங்களுக்குச் சனி என்றால் அங்கே ஞாயிறு. இந்நேரம் கோயிலில் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருப்பான்.

அப்போதுதான் உறைத்தது: நான் பார்த்துக்கொண்டிருந்தது வலைப்பக்கத் தோற்றம். அதில் தாளின் விளிம்பே தெரியாது. அச்சுத் தோற்றத்துக்கு மாற்றினேன். முழுப் பக்கமும் வந்தது, ஒல்லியாக, நெடுநெடுவென்று. கையிலிருந்த தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். இது குட்டை.

தாள் அளவைத் திறந்தேன். ஏ4. அபியாக்காரர்களுக்கு அதுதான் தாள். அமெரிக்கக் கொடி பறக்கிற எங்கள் ஊரில் லெட்டர் தாள், ஒரு விரற்கடை குறைவு. செமிசி மகா கஞ்சன். பெரிய விழாக்களில் பெயர்ப் பட்டியல் நீண்டாலும் இரண்டாம் பக்கம் போகாமல், கீழ் விளிம்பு வரை எழுத்தை இறக்கிவிடுவான். அந்த ஒரு விரற்கடையில்தான் பெரியப்பா இருந்தார்.

அளவை லெட்டருக்கு மாற்றினேன். கடைசி வரி இரண்டாம் பக்கத்துக்குத் தாவியது. மேல் ஓரத்தைக் கொஞ்சம் குறைத்தேன், திரும்பி வந்தது. அச்சடித்தேன். 'முடிவு ஜெபம்: தாவிதா.' தாளுக்கு முத்தமே கொடுத்துவிட்டேன்.

"அப்பா, தாத்தாவோட நிரலும் செமிசி அனுப்புனதுதானே?"

பழைய மின்னஞ்சல்களைத் துழாவி அந்தக் கோப்பைத் திறந்தேன். ஏ4. பக்கத்தின் அடியில், கடைசி வரியில், பெரியப்பா பெயர்.

"நான்தான் சொன்னேனே, திரையில என் கண்ணால பாத்தேன்னு" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அதையும் சரிசெய்து அச்சடித்து, இரண்டு தாள்களோடு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். நாளைக்கான வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பழைய தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் படித்தார்.

"அப்போ ஏழு வருஷமா நான் ஒரு தாளோடயா கோவிச்சுக்கிட்டிருந்தேன்?"

"தாள் குட்டை பெரியப்பா. மீதிக் கோவமெல்லாம் நீங்களா சேத்துக்கிட்டதுதான்."

"வாயைப் பாரு, அப்படியே உங்கப்பன்." சிரித்தார். பிறகு தாளை மடித்தபடி மெதுவாகச் சொன்னார். "அவன் பொய் சொல்ல மாட்டான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டி. தெரிஞ்சேதான், சபை முன்னால மானம் போச்சேங்கற வீம்புல எந்திரிச்சுப் போனேன்."

அவர் இஸ்திரிப் பெட்டியை அணைத்தார்.

"கோகோ காய்ச்சச் சொல்லு உங்கப்பனை. நாளைக்கு இல்ல, இப்பவே வரேன்."